பிடி 40 டெஸ்ட் பார்: மூன்று வருடம், நான்கு மோதல்

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் மெஷின் ஷாப்புக்கு ஒரு டெஸ்ட் பார் வாங்கினோம். டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் நேராகச் சுற்றுகிறதா என்று பார்க்க அதில் மாட்டும் துல்லியமான உருளை அது. பிடி 40 டேப்பர் (ஸ்பிண்டிலுக்குள் போய் உட்காரும் கூம்பு முனையின் அளவு), 40 மில்லிமீட்டர் விட்டம், டேப்பருக்குக் கீழே 300 மில்லிமீட்டர் நீளம். அது வந்த பிறகு எங்களிடம் இருக்கும் மூன்று வி.எம்.சி.களில் (கணினி ஓட்டும் செங்குத்து மில்லிங் மெஷின்கள்) மொத்தம் நான்கு முறை டூல் மோதியிருக்கிறது. நான்கு முறையும் ஸ்பிண்டில் தப்பித்ததா இல்லையா என்று பார்க்க முதலில் எடுத்தது இந்தப் பாரைத்தான். மூன்று முறை அது காட்டிய கணக்கே முடிவாக இருந்தது. நான்காவது முறை அதை மட்டும் நம்பியிருந்தால் ஒரு பெரிய சேதத்தைக் கவனிக்காமலேயே விட்டிருப்போம். அதனால்தான் இதன் நல்லது கெட்டது இரண்டையும் விரிவாக எழுதுகிறேன்.

பார் இல்லாத காலத்தில் என்ன செய்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோதல் நடந்ததும் கையில் கிடைக்கும் நல்ல கார்பைடு எண்ட் மில் (வெட்டும் டூல்) ஒன்றைக் கொலெட்டில் (டூலைக் கவ்விப் பிடிக்கும் வளையம்) மாட்டி, அதன் ஷாங்கில், அதாவது வெட்டாத தண்டில், அசைவை அளக்கும் டயல் வைத்துச் சுற்றிப் பார்ப்போம். 15 மைக்ரான் (0.015 மில்லிமீட்டர்) ஆட்டம் காட்டும். அது கொலெட்டின் பிழையா, நட்டின் பிழையா, ஹோல்டரின் பிழையா, ஸ்பிண்டிலே வளைந்துவிட்டதா, யாருக்கும் தெரியாது. வேறு கொலெட் மாட்டினால் 9 காட்டும். "சரி, பரவாயில்லை" என்று ஓட்ட ஆரம்பித்துவிடுவோம். இரண்டு மாதம் கழித்து போரிங் செய்த ஓட்டை வட்டமாக வராதபோது அந்த 9-ஐ நினைத்துக்கொள்வோம். இந்தத் தடுமாற்றம் போக வேண்டும் என்றுதான் பார் வாங்கச் சொல்லி நான் பிடிவாதமாக நின்றேன்.

பாரைப் பற்றி: டேப்பரும் உடலும் ஒரே துண்டு. நடுவில் இணைப்பு எதுவும் இல்லை. கடினப்படுத்தி கிரைண்டிங் செய்தது. எடை நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கூட வந்த சான்றிதழில், இரண்டு சென்டர்களுக்கு (கூர்முனைத் தாங்கிகள்) நடுவே வைத்துச் சுற்றினால் முழு நீளத்திலும் ஆட்டம் 0.003 மில்லிமீட்டருக்குள் இருக்கும் என்று போட்டிருந்தது. வந்த அன்றே பென்ச் சென்டரில் ஏற்றிப் பார்த்தேன். அடியில் 0.002, முனையில் 0.003. சொன்னபடி இருந்தது. இரண்டு முனையிலும் இருக்கும் சென்டர் துளைகள் உள்வாங்கி இருக்கின்றன. எங்காவது இடித்தாலும் விளிம்புதான் அடிபடும், சென்டர் பிழைக்கும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் சென்டர் கெட்டுவிட்டால் பாரையே சோதிக்க வழியில்லாமல் போய்விடும். அதன் பிறகு அது வெறும் இரும்புத் தடிதான்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண ஹோல்டரில் இருக்கும் சாவிப் பள்ளம் இதில் இல்லை, அதற்கான காலரும் இல்லை. பள்ளம் இருந்தால் ஸ்பிண்டில் முகத்தில் இருக்கும் இரண்டு டிரைவ் கீக்களுக்கு (டூலைச் சேர்த்துச் சுழற்றும் துருத்திய கட்டைகள்) ஏற்ப இரண்டே நிலையில்தான் மாட்ட முடியும். இதை எந்தக் கோணத்திலும் மாட்டலாம். அது ஏன் முக்கியம் என்பதை நான்காவது மோதலின் கதையோடு சொல்கிறேன்.

அன்று இரவு ஷிஃப்ட். நீண்ட ஹோல்டரில் 63 மில்லிமீட்டர் ஃபேஸ் மில். புரோகிராமில் டூல் நீளத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் ஜி43-க்குப் பக்கத்தில், பதினைந்தாவது டூலின் நீளத்தைக் குறிக்கும் எச்15 இருக்க வேண்டிய இடத்தில் எச்5 இருந்தது. ஐந்தாவது டூல் இதைவிட 60 மில்லிமீட்டர் குட்டை. ரேப்பிடில் (வெட்டாமல் முழு வேகத்தில் நகர்வது) இறங்கிய டூல், வேலைப்பொருளைப் பிடிக்கும் வைஸின் நிலைத் தாடையில் போய் நின்றது. அந்த மெஷினின் ரேப்பிட் நிமிடத்துக்கு 24 மீட்டர், அதாவது வினாடிக்கு 400 மில்லிமீட்டர். எமர்ஜென்சி பட்டனுக்குக் கை போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இசட் (மேல்கீழ் அச்சு) சர்வோ மோட்டார் ஓவர்லோடு அலாரம். ஆறு இன்சர்ட்டும் (வெட்டும் பற்கள்) தூள். தாடையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம்.

ஆபரேட்டர் தம்பிக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "அண்ணே, ஹோம் கொடுத்துப் பார்க்கட்டுமா?" என்றான். "எதையும் தொடாதே தம்பி, முதல்ல தண்ணி குடி" என்றேன். மோதின உடனே ஹோம் கொடுப்பதும் (அச்சுகளைத் தொடக்க இடத்துக்கு அனுப்புவது), ஸ்பிண்டிலைச் சுற்றவிட்டுப் பார்ப்பதும்தான் நிறைய பேர் செய்யும் காரியம். சிக்கிக்கொண்ட டூலோடு சுற்றினால் பாதி சேதம் முழுச் சேதமாகும். ஹேண்ட் வீலில் ஒவ்வொரு கோடாக இசட்டை மேலே ஏற்றினோம். டூலைக் கழற்றினோம். கழலும்போது டக்கென்று ஒரு சத்தம், வழக்கத்தைவிட அழுத்தமாக. ஹோல்டர் டேப்பரில் வாய்ப்பக்கம் ஒரு பளபளப்பான கீறல். அந்த ஹோல்டரை அப்போதே சிவப்பு மார்க்கர் போட்டுத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். மோதின ஹோல்டரைத் திரும்ப மாட்டினால் அது நல்ல ஸ்பிண்டில் டேப்பரையும் கெடுத்துவிடும்.

இங்கே பாரைக் கையாளுவதில் ஒரு முக்கியமான இடம். ஸ்பிண்டில் டேப்பரை முதலில் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்க்காமல் பாரை உள்ளே ஏற்றக் கூடாது. டேப்பரில் பிசிறு எழும்பியிருந்தால், டூலை உள்ளே இழுத்துப் பிடிக்கும் டிரா பாரின் வேகத்தில் பாரின் டேப்பர் கீறிப்போகும். நான் ஆள்காட்டி விரலை மெதுவாகச் சுற்றினேன். ஒரு டிரைவ் கீக்குப் பக்கத்தில், வாயிலிருந்து ஏழெட்டு மில்லிமீட்டர் உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி இருந்தது. நகத்தை வைத்துத் தேடினேன், மாட்டவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. லேசான கறையாக இருக்கும் என்று நினைத்துப் பாரை ஏற்றிவிட்டேன். அது என் தவறு. அங்கே இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருக்க வேண்டும்.

முதல் ரீடிங்: டேப்பருக்குப் பக்கத்தில் 0.009, 300 மில்லிமீட்டர் தள்ளி முனையில் 0.038. இந்த மெஷின் வந்தபோது இருந்த அறிக்கையில் 300-இல் 0.010 என்றுதான் இருக்கிறது. கிட்டத்தட்ட நான்கு மடங்கு. சுற்றி நின்ற எல்லாருக்கும் முகம் மாறிவிட்டது. ஷாஃப்ட் வளைந்துவிட்டது என்று ஒருவர் சொல்லியே விட்டார்.

இப்போதுதான் பள்ளம் இல்லாத பாரின் அருமை. ஸ்பிண்டில் முகத்தில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு, பாரில் ஒரு கோடு. இரண்டும் நேராக இருக்கும்போது ஒரு ரீடிங். பாரைக் கழற்றி, 90 டிகிரி திருப்பி மாட்டி இன்னொன்று. அப்படியே 180, 270. மெஷின் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 230-1 சொல்வதும் இந்த முறையைத்தான். பாரின் பிழையும் மாட்டுவதன் பிழையும் சராசரியில் அடங்க வேண்டும் என்பதற்காக. எங்களுக்குக் கிடைத்தது 0.038, 0.036, 0.041, 0.037. சராசரி 0.038. அதைவிட முக்கியம், முள் உச்சத்துக்குப் போகும் இடம். நான்கு முறையும் அது ஸ்பிண்டிலில் போட்ட கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்தது. பாரில் போட்ட கோட்டோடு சேர்ந்து நகரவில்லை. பாரின் கோட்டோடு நகர்ந்திருந்தால் பிழை பாரில் என்று அர்த்தம். இது ஸ்பிண்டிலோடு நின்றது. ஆகவே பிழை ஸ்பிண்டிலில்தான்.

ஆனால் ஸ்பிண்டிலில் எங்கே? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிடி 40 டேப்பரின் நீளம் ஏறக்குறைய 65 மில்லிமீட்டர். அதில் ஒரு பக்கம் 4 மைக்ரான் பிசிறு எழும்பிப் பார் சாய்ந்தால், 300 மில்லிமீட்டர் தள்ளி அந்தச் சாய்வு ஏறக்குறைய 18 மைக்ரான் ஆகிவிடும். சுற்றும்போது டயல் அதை இரண்டு மடங்காகக் காட்டும், 36 அல்லது 37. எங்கள் 0.038-க்கு ரொம்பப் பக்கம். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பிசிறு ஒன்று ஷாஃப்ட் வளைந்த மாதிரி காட்டிவிடும். விரல் சொன்னதை நகமும் கண்ணும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் விரல் சொன்னதுதான் சரி.

பாரை இறக்கிவிட்டு, பாரின் டேப்பரில் பிரஷ்யன் புளூவை (எங்கே தொடுகிறது என்று காட்டும் நீல மை) மெல்லிய படலமாகத் தடவி, கையால் மெதுவாக ஏற்றி எடுத்தோம். டிரா பாரை இழுக்கவிடவில்லை. அந்தக் கீக்குப் பக்கத்தில் ஒரு அரிசி அளவு இடம் மட்டும் நீலத்தைத் துடைத்து எடுத்திருந்தது. அதைச் சுற்றி விரல் அகலத்துக்கு மை ஒட்டவே இல்லை. மிக மென்மையான ஆயில் ஸ்டோனை டேப்பரின் நீளவாக்கில் படுக்கவைத்து, எழும்பிய இடத்தை மட்டும் எட்டுப் பத்து இழுப்பு. ஒவ்வொரு இரண்டு இழுப்புக்கும் துடைத்துப் புளூ. இதை அவசரப்பட்டுச் செய்தால் நல்ல இடத்தையும் தேய்த்துவிடுவோம், தேய்த்த டேப்பரைத் திரும்பக் கொண்டுவரக் கிரைண்டிங்தான் வழி. மணி ஒன்றேகால் ஆனது. புளூ சுற்றிலும் சீராகப் பட்டதும் பாரைத் துடைத்துத் திரும்ப மாட்டினோம். 0.012, 0.010, 0.013, 0.013. பக்கத்தில் 0.003. அந்தத் தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். பாரும் டயலும் "ஸ்பிண்டில் சரி" என்றுதான் சொன்னதாக எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அவை சொன்னது, டேப்பரும் ஷாஃப்ட்டும் நேராக இருக்கின்றன என்பது மட்டும்தான். பேரிங்கைப் பற்றி அவை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து டெஸ்ட் பார் விற்பவர்கள் யாரும் இந்த எல்லையைச் சொல்வதில்லை. கூட வந்த தாளிலும் இல்லை. இதைப் படிப்பவர்களாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனமாரச் சொல்கிறேன்: கையால் மெதுவாகச் சுற்றும்போது, அடிபட்ட பேரிங்கும் நல்ல ரீடிங் காட்டும்.

நல்லவேளையாகப் பேரிங்கைப் பார்க்கவும் இதே பார் உதவியது. பாரின் கீழ்முனைச் சென்டர் துளையில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒரு பேரிங் குண்டை உட்காரவைத்தேன். தட்டை முனை போட்ட டயலை மேஜையில் நிறுத்திக் குண்டைத் தொடவிட்டேன். மேஜைக்கும் பாரின் விளிம்புக்கும் நடுவே மரக்கட்டையை நெம்புகோலாக வைத்து மேலே அழுத்தினேன். மூன்று வருடத்துக்கு முன் இதே மெஷினில் இதே கட்டையால் அழுத்தியபோது 0.003 நகர்ந்து, விட்டதும் பூஜ்யத்துக்கு வந்ததாக என் நோட்டில் எழுதியிருக்கிறேன். இப்போது 0.012 போனது. விட்டால் 0.004-இல் நின்றது. கையழுத்தம் ஒரே மாதிரி இருக்காது என்பது தெரிந்ததுதான், ஆனால் நான்கு மடங்கு வித்தியாசம் கையழுத்தத்தால் வராது. பேரிங்கின் ப்ரீலோடு, அதாவது குண்டுகள் ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் அழுத்தம், போய்விட்டது.

பாரைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பிண்டிலை ஓட்டினோம். நிமிடத்துக்கு 500 சுற்றில் சத்தமில்லை. 3000-இல் அடித்தொண்டையில் உறுமுவது போல ஒன்று, ஒரே சீராக. அரை மணி நேரம் 6000-இல் ஓட்டிய பிறகு முன்பக்க ஹவுசிங் 24 டிகிரி சூடேறியிருந்தது. பக்கத்தில் இருக்கும் அதே மாடல் மெஷினில் அதே அரை மணி நேரத்தில் 13 டிகிரிதான்.

ஸ்பிண்டிலை இறக்கி ரிப்பேருக்கு அனுப்பினோம். பிரித்தபோது பக்கத்திலேயே நின்றேன். முன்பக்க ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்கின் உள்வளையத்தை லென்ஸ் வைத்துக் காட்டினார்கள். குண்டு ஓடும் பள்ளத்தின் நடுவில் எதுவும் இல்லை. ஒரு தோள்பக்கமாக ஒதுங்கி, குண்டுக்கும் குண்டுக்கும் இருக்கும் இடைவெளியிலேயே வரிசையாகச் சின்னச் சின்ன முட்டை வடிவத் தழும்புகள். வெளிச்சத்தைச் சாய்த்தால் ஒவ்வொன்றும் கண் சிமிட்டுவது போல் மின்னியது. இந்த வகைப் பேரிங்கில் குண்டு சாய்வாகத்தான் வளையத்தைத் தொடும். கீழிருந்து வந்த இடி அத்தனையும் அந்தச் சாய்ந்த கோட்டில் ஏறியிருக்கிறது. கடினமான குண்டை உலோகத்தில் அழுத்தி, விழும் பள்ளத்தை வைத்துக் கடினத்தன்மையை அளக்கும் முறையை ஸ்வீடனைச் சேர்ந்த பிரினெல் 1900-இல் கொண்டுவந்தார். பேரிங் தழும்புக்கும் அவர் பெயரே நின்றுவிட்டது. எங்கள் மெஷினில் அந்தச் சோதனையை ஒரு வைஸ் தாடை நடத்தியிருந்தது.

டிரா பார் இழுக்கும் விசையையும் தனியாக அளந்தோம். தட்டு ஸ்பிரிங்குகள் உடைந்திருந்தாலும் டெஸ்ட் பார் சமத்தாக உட்கார்ந்து நல்ல ரீடிங் கொடுத்துவிடும், பளு ஏறும்போதுதான் டூல் இளகும். கையேட்டில் 8 கிலோநியூட்டன், எங்களுக்கு 7.8. ஸ்பிரிங் பிழைத்தது. ஸ்பிண்டில் தலை சாயாமல் நேராக இருக்கிறதா என்று பார்க்க, டயலை மேஜையில் வைத்துப் பாரைத் தொடவிட்டு இசட்டை இறக்கி ஏற்றினோம், ஸ்பிண்டிலை 180 டிகிரி திருப்பி மறுபடி. இரண்டின் சராசரி பழைய கணக்கோடு ஒத்துப்போனது. இந்த வேலைக்கு 300 மில்லிமீட்டர் நீளம் சரியான அளவு. 150 நீளப் பாரும் கிடைக்கிறது, அதை வாங்காதீர்கள். சாய்வு பாதியாகத்தான் தெரியும்.

இனி குறைகள். முதல் குறை, பாரோடு புல் ஸ்டட் (டிரா பார் கவ்வி இழுக்கும் திருகு) வரவில்லை. எந்த வகை வேண்டும் என்று விற்றவர் கேட்கவும் இல்லை. பிடி 40-க்கு நூல் எம்16 என்பது ஒன்றுதான், ஆனால் தலையின் கோணம் மெஷினுக்கு மெஷின் மாறும். எங்களுடையது 45 டிகிரி. கையிருப்பில் இருந்தவை எல்லாம் ஓடித் தேய்ந்தவை. பாருக்கென்று புதிது வாங்கி வரும்வரை ஒன்பது நாள் அது பெட்டியிலேயே கிடந்தது. வாங்கும்போதே புல் ஸ்டட்டையும் சேர்த்துக் கேளுங்கள். மாட்டிய பிறகு கழற்றாதீர்கள்.

இரண்டாவது, பெட்டி. வெளியே நல்ல மரம், உள்ளே சாம்பல் நிற ஸ்பாஞ்ச். அந்த ஸ்பாஞ்ச் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. நான்காவது மாதம் திறந்தபோது உடலில் ஊசி முனை அளவில் ஏழு துருப் புள்ளிகள். எண்ணினேன், மனசு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. எண்ணெய் போட்டு மென்மையாகத் துடைத்ததில் மேற்பரப்பு தப்பித்தது. ஸ்பாஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டு, இப்போது துரு தடுக்கும் எண்ணெய் தடவி மெழுகுத் தாளில் சுற்றி வைக்கிறோம். இவ்வளவு துல்லியமாக கிரைண்டிங் செய்யத் தெரிந்தவர்கள் பெட்டியில் இப்படிக் கவனக்குறைவாக இருக்கக் கூடாது.

மூன்றாவது, திசைக் குறி இல்லை. முனை முகத்தில் ஒரு சின்னப் புள்ளியாவது போட்டுத் தந்திருக்கலாம். நாங்கள் பெயின்ட் பேனாவில் போடும் கோடு இரண்டு துடைப்பில் போய்விடுகிறது.

கூடவே நல்ல லீவர் டயல் வேண்டும், 0.002 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டது. பாரை மட்டும் வாங்கிவிட்டு 0.01 டயலில் படிக்கும் ஷாப்புகளைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். டயலின் முள் தண்டு பாரின் மேற்பரப்புக்கு ஏறக்குறைய இணையாகப் படுத்திருக்க வேண்டும். 30 டிகிரி தூக்கி வைத்தால் உண்மை அளவைவிட 15 விழுக்காடு கூடுதலாகக் காட்டும், நல்ல ஸ்பிண்டிலைக் கெட்டது என்று முடிவு கட்ட அது போதும். மேக்னட் ஸ்டாண்டின் கையைக் குட்டையாக வையுங்கள். பாரை வெறுங்கையால் நடுவில் பிடிக்காதீர்கள், கைச்சூடு ஒரு பக்கம் ஏறினால் முள் தானாக நகரும். பத்து நிமிடம் ஸ்பிண்டிலில் தொங்கவிட்டு அப்புறம் படியுங்கள். பாரை மாட்டியபடி ஸ்பிண்டிலை மோட்டாரில் ஓட்டவே கூடாது, கையால் மட்டும்தான்.

புதுப் பேரிங் போட்டு ஸ்பிண்டில் திரும்பி வந்ததும் அதே பாரை மாட்டினோம். பக்கத்தில் 0.002, 300-இல் 0.008. கட்டையால் அழுத்தினால் 0.003, விட்டால் பூஜ்யம். நோட்டில் எழுதியது அந்தத் தம்பிதான், பேனாவை என்னிடமிருந்து வாங்கி.

போன வாரம் பாரை வருடாந்திரச் சோதனைக்காகப் பென்ச் சென்டரில் ஏற்றினேன். முனையில் 0.004. மூன்று வருடத்தில் ஒரு மைக்ரான் கூடியிருக்கிறது. 0.005 ஆனால் கிரைண்டிங்குக்கு அனுப்பிவிடுவேன்.